உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாடகம், ஐந்து மொழிகள்

தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜி, கண்ணனை மணக்க வரும் நான்கு நாட்டு இளவரசியர் தத்தம் தாய்மொழியிலேயே பேசும் ‘பஞ்சபாஷா விலாச நாடக’த்தை வடமொழி, தமிழ், தெலுங்கு, மராட்டி, இந்தி ஆகிய ஐந்திலும் எழுதினார்.

• வீட்டு மொழி மராட்டியாக இருந்தும், முந்தைய நாயக்கர் அவையின் இலக்கிய மொழியான தெலுங்கிலேயே அவர் திருவாரூர்த் தியாகேசர் மீது ‘பல்லக்கி சேவா பிரபந்தம்’ பாடினார்.

• அரண்மனைக் கணக்குகள் ‘மோடி’ எனப்படும், எழுதுகோலை அதிகம் எடுக்காமல் வேகமாக எழுதும் மராட்டிக் கூட்டெழுத்தில் அமைந்தன. அந்த ஆவணக் கட்டுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

• தஞ்சையில் சோழர் எழுப்பிய பெரிய கோயிலின் சுவரில், பின்னாளில் அங்கு ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-இல் தம் போன்சுலே குலவரலாற்றை மராட்டியில் பொறித்தார். அவருக்கு ஆங்கிலம் கற்பித்த சுவார்ட்சு பாதிரியாரோ ஜெர்மானியர்.

• ஐரோப்பாவில் நிலைமை வேறு: பிரெஞ்சுத் தளபதியாயிருந்து 1818-இல் சுவீடனின் அரசரான பதினான்காம் கார்ல் யோகான், 1844-இல் இறக்கும்வரை சுவீடிய மொழியைச் சரிவரப் பேசக் கற்கவேயில்லை.