வீட்டுக்குள் வந்த ஆய்வகம் – 7: கோடுகளும் சொற்களும்

கரு கருப்பையில் பதிந்தபின், நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் உயிரணுக்கள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அதைச் சிறுநீரில் கண்டறிவதே கர்ப்பச் சோதனையின் அடிப்படை. அந்தச் சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதன் முடிவைப் பெண் தானே படித்துப் பொருள்கொள்ள இயலாவிடில் அத்துல்லியத்தால் அவருக்குப் பயன் இல்லை.

1967-இல் நியூ ஜெர்சியில் ஆர்கனான் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய வரைகலை வடிவமைப்பாளர் மார்கரெட் கிரேன், ஆய்வகத்தில் வரிசையாக நின்ற கர்ப்பச் சோதனைக் குழாய்களைக் கண்டு, அதே ஏற்பாட்டைக் கையடக்கமான பெட்டிக்குள் அமைத்தார். 1971-இல் கனடாவில் 'பிரிடிக்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தச் சோதனையில், குழாயை இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்திருந்து, அதன் அடியில் செந்நிற வளையம் தோன்றுகிறதா என்பதைக் கீழே பொருத்திய முகக்கண்ணாடியில் பார்த்தறிய வேண்டும்.

1988-இல் வந்த கோட்டுமுறை இந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகக் குறைத்தது. நிறத்துகள்களோடு பிணைந்த எதிர்ப்பொருள்கள், அதாவது எச்.சி.ஜி.யைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், சிறுநீரோடு தாள் பட்டையில் நகர்கின்றன; எச்.சி.ஜி. இருந்தால் 'டி' என்னும் சோதனைக் கோட்டிலும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'சி' என்னும் கட்டுப்பாட்டுக் கோட்டிலும் நிறம் தோன்றும். 'சி' கோடு சோதனை முறையாக நடந்தது என்பதற்கு மட்டுமே சான்று என்பதால், அதைக் கருத்தரிப்பின் அறிகுறியாகக் கொள்வது பிழை. அது தோன்றாவிடில் சோதனையே செல்லாது. குறித்த நேரத்துக்குள் தோன்றும் நிறமுள்ள 'டி' கோடு மங்கலாயினும் பெரும்பாலும் கருத்தரிப்பையே குறிக்க, நேரம் கடந்தபின் ஈரம் உலர்வதால் தோன்றும் நிறமற்ற தடமோ எதையும் குறிப்பதில்லை. தொடக்கத்தில் எச்.சி.ஜி.யின் அளவு ஏறத்தாழ இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை இரட்டிப்பதால், ஐயமிருப்பின் சில நாள் கழித்துக் காலையின் முதல் சிறுநீரில் மீண்டும் சோதிப்பது தெளிவு தரும்.

2003-இல் வந்த மின்னணுச் சோதனை, அதே தாள் பட்டையை ஒளி உணரியால் படித்து முடிவைச் சொற்களாகக் காட்டியது. எனினும், ஆங்கிலம் அறியாதவருக்கு அச்சொற்களும், நம் மருந்துக்கடைகளில் விற்கும் பட்டைகளின் 'சி', 'டி' எழுத்துகளும் ஒருபோலவே புரியாதவை. பார்வையற்ற பெண்ணோ தம் வாழ்வின் மிக அந்தரங்கமான செய்தியைப் பிறர் வாயால் கேட்டறியும் நிலையில் இருக்கிறார்; அதை மாற்றவே பிரிட்டனின் பார்வையற்றோர் நல அமைப்பான ஆர்.என்.ஐ.பி., முடிவைத் தொட்டறியும்படி புடைப்புகள் எழும் சோதனைக் கருவியின் முன்மாதிரியை 2020-இல் வெளியிட்டது.

ஆகவே, தாய்மொழிக் குறிப்பும், விளக்கப் படமும், படிக்க வேண்டிய நேர வரம்பும் பட்டையின் உறையிலேயே அச்சாக வேண்டும் என்பது அழகியல் சார்ந்த கோரிக்கை அன்று. தன் உடலைப் பற்றிய செய்தியை முதலில் தானே அறியும் பெண்ணின் உரிமையைச் சார்ந்தது.

(அடுத்த இதழில்: சர்க்கரை அளவைக் காட்டும் கருவி)