இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பழுதா? முதலில் கம்ப்யூட்டரைத் திறங்கள்!

விண்டோஸ் என்றால் நம் வாசகர்களுக்கு டெஸ்க்டாப்பும் ஸ்டார்ட் மெனுவும்தான் நினைவிற்கு வரும். இந்தக் கட்டுரை, வீட்டுச் சுவரில் இருக்கும் விண்டோஸ் பற்றியது. கம்ப்யூட்டர் இதழில் ஜன்னலுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை பழுதானால் அதை மட்டும்தான் மாற்றுகிறோம். மெமரி போதவில்லை என்றால் மெமரி வாங்கிச் செருகுகிறோம். யாரும் கேபினெட்டோடு தூக்கி எறிவதில்லை. இங்கிலாந்து வீடுகளில் உள்ள இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களும் இப்படித்தான். ஒவ்வொரு பாகமும் தனியே கிடைக்கிறது, தனியே மாற்றலாம். எந்தப் பாகம் பழுது, அதன் அளவு என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். அந்த விடைகளைத் தேடித் தருவது உங்கள் கம்ப்யூட்டர்.

நான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். இங்கு குளிர்காலத்தில் ஜன்னல் சரியாக மூடாவிட்டால் ஹீட்டருக்குக் கட்டும் பணம் காற்றில் போகும். பூட்டு சரியில்லை என்றால் திருட்டு பயம். தீப்பிடித்த நேரத்தில் ஜன்னல் திறக்கவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. எனவே இது அழகு சார்ந்த விஷயம் அல்ல.

ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு கண்ணாடிகள் இடைவெளி விட்டு ஒன்றாக ஒட்டி மூடப்பட்டிருக்கும். இடைவெளியின் ஓரம் சுற்றிலும் ஸ்பேசர் பார் என்ற பட்டை இருக்கும். அதன் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் இருக்கும். புது மருந்து பாட்டிலில் ஒரு சிறு பொட்டலம் போட்டிருப்பார்களே, அதே வேலைதான். நடுவில் காற்று அல்லது ஆர்கன் வாயு அடைக்கப்பட்டிருக்கும். 4 மி.மீ. கண்ணாடி, 20 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. கண்ணாடி என மொத்தம் 28 மி.மீ. என்பது பரவலாகக் காணப்படும் அளவு. 24 மி.மீ. அளவிலும் உண்டு.

இந்தக் கண்ணாடித் தொகுதி, யுபிவிசி பிளாஸ்டிக் சட்டத்தில் பீடிங் என்ற பட்டைகளால் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் ஓரத்தில் நீளமான பூட்டுப் பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதன் பெயர் எஸ்பாக்னோலெட். கடைக்காரர்கள் சுருக்கமாக எஸ்பாக் என்பார்கள். கைப்பிடியைத் திருப்பினால், 7 மி.மீ. சதுரக் கம்பி ஒன்று இதன் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியைச் சுழற்றும். பட்டையில் உள்ள உருளைகள் நகர்ந்து சட்டத்தில் மாட்டிக் கொள்ளும். இவற்றுடன் இரண்டு கீல்கள், சுற்றிலும் ரப்பர் பட்டை. அவ்வளவுதான் ஜன்னல்.

அறிகுறி ஒன்று, காரணம் வேறு

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, துடைக்க முடியாத இடத்தில் பனி மூட்டம்: கண்ணாடித் தொகுதியின் ஒட்டு விட்டுப் போய், ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும். சட்டம் அப்படியே இருக்கலாம். ஓட்டை போட்டு ஈரத்தை வெளியேற்றித் தருகிறோம் என்பவர்கள் உண்டு. மூட்டம் போகலாம், ஆனால் போன வாயுவும் விட்டுப்போன ஒட்டும் திரும்ப வராது.

அறையின் உள்பக்கக் கண்ணாடியில் நீர்: இது ஜன்னலின் பழுது அல்ல. சமையல் ஆவி, ஈரத்துணி, மூச்சுக் காற்று ஆகியவற்றால் வருவது. அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள். விடியற்காலையில் வெளிப்பக்கக் கண்ணாடியில் நீர் படிந்திருந்தால் கவலையே வேண்டாம். வீட்டின் வெப்பம் வெளியே போகவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

கைப்பிடி சுற்றுகிறது, பூட்டு நகரவில்லை: கைப்பிடியோ, எஸ்பாக்கின் பல்சக்கரப் பெட்டியோ தேய்ந்துவிட்டது. கைப்பிடியைக் கழற்றி, சதுரக் கம்பியை மட்டும் துளையில் விட்டுத் திருப்பிப் பாருங்கள். உருளைகள் நகர்ந்தால் குற்றவாளி கைப்பிடி. நகராவிட்டால் எஸ்பாக்.

மூடிய பிறகும் காற்று வருகிறது: ஒரு தாளை ஜன்னலுக்கும் சட்டத்திற்கும் இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் எளிதாக வழுக்கி வருகிறதோ, அங்கே அழுத்தம் போதவில்லை. கீல் பக்கம் என்றால் பெரும்பாலும் கீல் தேய்ந்திருக்கும். பூட்டுப் பக்கம் என்றால், சில வகைகளில் உருளைகளை ஆலன் கீ கொண்டு சற்றே திருப்பி இறுக்கலாம். சுற்றிலும் என்றால் ரப்பர் பட்டையைப் பாருங்கள்.

அக்கா வீட்டில் நடந்தது

இதே ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டில் இரண்டு ஜன்னல்கள் தகராறு செய்தன. கதவைத் தட்டி வந்த ஒரு ஜன்னல் நிறுவனத்தின் விற்பனையாளர், "எல்லாம் பழசு, எட்டு ஜன்னலையும் மாற்றிவிடுவதுதான் நல்லது" என்று சொல்லி, அன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்றார். அத்தான் தவணைத் திட்டம் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். ஒரு ஜன்னலில் எஸ்பாக் உடைந்திருந்தது. இன்னொன்றில் கண்ணாடிக்குள் மூட்டம். மற்ற ஆறிலும் அழுக்கைத் தவிர வேறு குறை இல்லை. எஸ்பாக்கை வாங்கி நாங்களே மாட்டினோம். மாடியில் இருந்த கண்ணாடியை உள்ளூர் கண்ணாடிக் கடைக்காரர் அளவெடுத்து வந்து மாற்றித் தந்தார்.

புது ஜன்னலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூன் முதல் இங்கிலாந்தில் பழைய வீட்டில் மாற்றப்படும் ஜன்னலின் யு மதிப்பு 1.4-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. இந்த எண் குறைவாக இருந்தால் வெப்ப இழப்பும் குறைவு. ஒற்றைக் கண்ணாடிக்கு இது 5-க்கு அருகில் வரும். சட்டமே வளைந்து போயிருந்தால் மாற்றுவது நியாயம். ஆனால் பூட்டு உடைந்தது என்பதற்காகச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. போட்டோ எடுங்கள்: எதையும் கழற்றும் முன் மொபைல் போனில் போட்டோ எடுங்கள். பாகத்தின் அருகில் ஸ்கேல் ஒன்றை வைத்து எடுப்பது நல்லது. கம்ப்யூட்டருக்கு மாற்றி, "சமையலறை-இடது-பூட்டு" என்பது போலப் பெயர் கொடுத்து, ஒரே போல்டரில் சேமியுங்கள். பிறகு மாட்டும்போது எந்த ஸ்க்ரூ எங்கே என்று குழப்பம் வராது.

2. எக்ஸெலில் பட்டியல் போடுங்கள்: ஜன்னல், பழுது, பாகம், அளவு, கம்பெனி அடையாளம், விலை என ஆறு காலங்கள் போதும். எஸ்பாக்கிற்கு மொத்த நீளம், உருளையின் உயரம், உருளைகளுக்கு இடையே உள்ள தூரம், பேக்செட் ஆகியவை தேவை. பேக்செட் என்பது பட்டையின் முகப்பிலிருந்து சதுரத் துளையின் மையம் வரை உள்ள தூரம். 20, 22 மி.மீ. அளவுகள் அதிகம் காணப்படும். 2 மி.மீ. தானே என்று விட்டுவிட்டால் கைப்பிடி பொருந்தாது. கைப்பிடிக்கு ஸ்க்ரூக்களின் இடைவெளி (பெரும்பாலும் 43 மி.மீ.), சதுரக் கம்பியின் நீளம். கீலுக்கு நீளம், மடக்கிய நிலையில் அதன் தடிமன் (13 அல்லது 17 மி.மீ. பரவலானவை), மேலே தொங்கும் வகையா, பக்கவாட்டில் திறக்கும் வகையா என்ற விவரம்.

3. அடையாளத்தைத் தேடுங்கள்: பட்டையின் முகப்பைத் துணியால் துடைத்தால் யேல், ஈரா, மாகோ, அவோசெட், வின்க்ஹாஸ் போன்ற பெயர் ஏதாவது பொறித்திருக்கலாம். அந்தப் பெயரையும் பேக்செட் அளவையும் சேர்த்துத் தேடுங்கள். பெயர் இல்லை என்றால், கூகுளின் படம் வைத்துத் தேடும் வசதியில் போட்டோவைக் கொடுத்துப் பாருங்கள். படம் ஒத்துப் போனால் மட்டும் போதாது. அளவும் ஒத்துப் போக வேண்டும்.

4. உண்மை அளவில் அச்சிடுங்கள்: பல கடைகள் பாகத்தின் வரைபடத்தை பி.டி.எப். கோப்பாகத் தருகின்றன. அச்சிடும்போது, பக்கத்திற்கு ஏற்பச் சுருக்கும் "பிட்" வசதியை நீக்கி, "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் எழுதியுள்ள ஓர் அளவை ஸ்கேலால் சரிபாருங்கள். சரியாக இருந்தால், பழைய பாகத்தை அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்க்கலாம். தபாலில் வந்த பிறகு திருப்பி அனுப்பும் தொல்லை இருக்காது.

எஸ்பாக் மாற்றும் முறை

ஜன்னலைத் திறந்து வையுங்கள். கைப்பிடியைத் திருப்பினால் அல்லது சிறு மூடியை நீக்கினால் ஸ்க்ரூக்கள் தெரியும். கழற்றி, கைப்பிடியை உருவி எடுங்கள். பிறகு ஜன்னலின் ஓரத்தில் பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் எஸ்பாக் வெளியே வந்துவிடும். புதியதை அதே இடத்தில் வைத்து, கைப்பிடியை மாட்டி, எல்லா ஸ்க்ரூக்களையும் லேசாகப் பூட்டிய பின் இறுக்குங்கள்.

முக்கியம்: ஜன்னல் திறந்திருக்கும்போதே கைப்பிடியை நாலைந்து முறை திருப்பிச் சோதியுங்கள். பொருந்தாத பூட்டோடு மூடிவிட்டால், மறுபடி திறப்பதே பெரிய வேலையாகிவிடும். பேக்கப்பைச் சரிபார்க்காமல் பார்மட் செய்வது போன்றது அது.

கதவுப் பூட்டு: கொஞ்சம் கூடுதல் கவனம்

யுபிவிசி கதவுகளில் சாவி போடும் பாகம் யூரோ சிலிண்டர். வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் சாதாரண சிலிண்டரைத் திருடர்கள் பிடித்து ஒடித்துவிட முடியும். எனவே கைப்பிடித் தகட்டிற்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. ஒடிப்பதைத் தாங்கும் சிலிண்டருக்கு டி.எஸ். 007 தரத்தில் மூன்று நட்சத்திர முத்திரை இருக்கும். ஒரு நட்சத்திர சிலிண்டரும் இரண்டு நட்சத்திரக் கைப்பிடியும் சேர்ந்தாலும் அதே பாதுகாப்புதான்.

மாற்றுவது எளிது. கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் சாவித்துளைக்கு நேராக உள்ள நீண்ட ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டுச் சற்றே திருப்பி, நடுவில் நீட்டியிருக்கும் நாக்கு உள்ளே மறைந்ததும் இழுங்கள். வந்துவிடும். ஸ்க்ரூ துளையின் மையத்திலிருந்து வெளிப்பக்க நீளம், உள்பக்க நீளம் இரண்டையும் தனித்தனியே குறித்துக் கொள்ளுங்கள். 40, 50 என்பதும் 45, 45 என்பதும் மொத்தத்தில் ஒன்றுதான், கதவில் ஒன்றல்ல.

தீ விபத்தை மறக்காதீர்கள்

மாடிப் படுக்கையறை ஜன்னல் பல வீடுகளில் தப்பிக்கும் வழியாகவும் அமைக்கப்பட்டிருக்கும். திறந்தால் குறைந்தது 0.33 சதுர மீட்டர் வழி, உயரத்திலும் அகலத்திலும் 450 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துக் கட்டட வழிகாட்டி. இதற்காகவே ஜன்னலை முழுவதும் அகலத் திறக்க விடும் தனி வகைக் கீல்கள் உண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு, விலை மலிவு என்று சாதாரணக் கீலை மாட்டினால் வழி குறுகிவிடும். ஜன்னல் வழக்கம்போலத் திறக்கும், மூடும். குறை வெளியே தெரியாது. தேவைப்படும் நாளில்தான் தெரியும். கீல் வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஜன்னல் பூட்டின் சாவி தொலைந்திருந்தால் இன்றே வாங்குங்கள். குழந்தைக்கு எட்டாத, ஆனால் பெரியவர்கள் இருட்டிலும் எடுக்கக்கூடிய இடத்தில் மாட்டுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை பராமரிப்பு

* சோப்பு நீரில் நனைத்த துணியால் சட்டத்தைத் துடையுங்கள். சொரசொரப்பான பவுடர் வேண்டாம்.
* சட்டத்தின் அடியில் நீர் வடியும் சிறு துளைகளில் உள்ள அழுக்கை நீக்குங்கள்.
* எஸ்பாக், கீல்களின் அசையும் இடங்களில் ஓரிரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள்.
* ரப்பர் பட்டைக்கு சிலிகான் ஸ்ப்ரே மட்டும். சாதாரண எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.
* சிலிண்டரின் சாவித்துளையில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். கிராபைட் பவுடர் நல்லது.
* கைப்பிடி கடினமானால் பலம் போட்டுத் திருப்பாதீர்கள். பல்சக்கரம் உடைவது அப்போதுதான்.

எங்கே நிறுத்த வேண்டும்?

மாடி ஜன்னலில் கண்ணாடியைக் கழற்றும் வேலையை ஆளிடம் விட்டுவிடுங்கள். தரைக்கு 800 மி.மீ.க்குள் உள்ள ஜன்னல் கண்ணாடியும், கதவுகளில் உள்ள கண்ணாடியும் உடைந்தால் காயப்படுத்தாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் முத்திரை இருக்கும். முழு ஜன்னலையும் மாற்றினால் கட்டட விதிச் சான்று தேவை. 2002-ல் தொடங்கிய பென்சா போன்ற திட்டங்களில் பதிவு செய்தவர்கள் அதைத் தருவார்கள். வாடகை வீடு என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி வீட்டின் வெளிப்புறப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. போட்டோவை இணைத்து ஒரு இ-மெயில் அனுப்புங்கள். தேதியோடு ஆதாரம் இருக்கும்.

சென்னையின் அடுக்குமாடி வீடுகளிலும் யுபிவிசி ஜன்னல்கள் வந்துவிட்டன. இங்கே நகரும் வகையும் ஒற்றைக் கண்ணாடியும்தான் அதிகம். ஆனால் சக்கரம், பூட்டு, ரப்பர் எல்லாம் தனித்தனிப் பாகங்களே. "முழுசா மாத்தணும் சார்" என்று யாராவது சொன்னால், போட்டோ, அளவு, தேடல் என்ற மூன்றையும் முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.