நின்றுவிட்டால் சரியாகிவிட்டதா?

அறுபதை நெருங்கும் ஒருவருக்கு ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. வீட்டில் சொன்னால், "வெயில்ல அலைஞ்சா இப்படித்தான், உடம்பு சூடு" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுக்கிறார்கள். இரண்டு நாளில் சிறுநீர் தெளிந்துவிடுகிறது. சூடு தணிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. இதில் எது சரி, எது தவறு என்று நாம் நிதானமாகப் பார்க்கலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சிறுநீரகங்கள் இரண்டும் இரவு பகலாக இரத்தத்தை வடிகட்டி, கழிவைச் சிறுநீராக இறக்குகின்றன. அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியே அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பைக்கு வந்து தங்குகிறது. இந்தப் பை தசையால் ஆனது. பெரியவர்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். தசைக்கு உட்புறம், சிறுநீரைத் தொட்டபடி, ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பை நிறையும்போது விரிந்தும், காலியானதும் சுருங்கியும் கொடுக்கும் படலம் அது. சிறுநீரில் இரத்தம் வர ஒரு காரணமான சிறுநீர்ப்பைப் புற்றுநோய், பெரும்பாலான நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் படலத்தில்தான் தொடங்குகிறது.

அப்படித் தொடங்கும் கட்டி பெரும்பாலும் கல் மாதிரி உருண்டையாக இருக்காது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஒரு காம்பால் ஒட்டிக்கொண்டு, இழை இழையாகத் தண்ணீரில் அசையும். இந்தக் கட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வோர் இழைக்குள்ளும் மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று ஓடுகிறது. பை நிறைந்து சுருங்கும்போது எப்போதாவது ஓர் இழை கிழியும். இரத்தம் கசிந்து சிறுநீரில் கலக்கும். பிறகு கிழிந்த இடம் தானாக அடைபட்டுவிடும். சிறுநீர் மறுபடி தெளிவாகும். இழை மட்டும் அங்கேயே இருக்கும்.

வலி ஏன் இல்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். இந்த நிலையில் கட்டி, படலத்தின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. தசைக்குள் இறங்கவில்லை, எதையும் அடைக்கவுமில்லை. தசைக்குள் ஊடுருவினால், சிறுநீர் இறங்கும் வழியை அடைத்தால், இரத்தம் கட்டியாகத் திரண்டு சிக்கினால் வலி வரலாம். வலி வரட்டும், பிறகு மருத்துவரைப் பார்க்கலாம் என்று காத்திருப்பவர், எளிதில் குணமாக்கக்கூடிய காலத்தைக் கைநழுவ விடுகிறார்.

இப்போது எல்லோருக்கும் நேரும் அந்த ஒரு தவறான புரிதலுக்கு வந்துவிட்டோம். இரத்தம் நின்றால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில், வந்து வந்து நிற்பதே இந்த நோயின் இயல்பு. ஒருமுறை வந்துவிட்டுச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட வராமல் இருக்கலாம். அது தானாக நின்ற வேளையில் நாம் எதைச் சாப்பிட்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இளநீர் குடித்திருந்தால் இளநீர் குணப்படுத்தியது, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டிருந்தால் வெந்தயம் குணப்படுத்தியது என்று ஆகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் இதே பெயர்தான். அடுத்த முறை இரத்தம் வந்தால், போன தடவை கேட்ட மருந்துதானே என்று அதையே தேடுகிறோம். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும்.

தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்மஞ்சளாகும், போகும்போது எரியும். அதற்கு இளநீரும் மோரும் நல்லவைதான், யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரத்தம் வந்ததற்கு வெயில்தான் காரணம் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. இரத்தம் என்றால் அது எங்கிருந்தோ கசிந்திருக்கிறது. அந்த இடம் எது என்று யாராவது ஒருவர் தேடிப் பார்த்தாக வேண்டும்.

அந்த முதல் இரத்தம் எவ்வளவு முன்கூட்டியே வரக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கு 1967இல் சிறுநீரில் இரத்தம் வந்தது. மருத்துவர்கள் சோதித்தார்கள். புற்றுநோய்தான் என்று அன்றைக்கு அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 1976இல், நோய் பையின் சுவருக்குள் ஊடுருவிவிட்ட நிலையில், சிறுநீர்ப்பையையே அகற்றினார்கள். 1978 ஜனவரியில் அவர் இறந்தார். 1994இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், பத்திரமாக வைத்திருந்த அவருடைய 1967ஆம் ஆண்டுச் சிறுநீர் மாதிரியை மரபணுச் சோதனைக்கு எடுத்தார்கள். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காக்கும் பி53 என்ற மரபணுவில், பின்னாளில் அகற்றிய கட்டியில் இருந்த அதே பிழை, ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய சிறுநீர்ச் செல்களிலும் இருந்தது. இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். உடம்பு சீக்கிரமே சொல்லிவிடுகிறது. முதல் சோதனையில் தெளிவாகத் தெரியாவிட்டாலும், தொடர்ந்து கண்காணிப்பதை விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு சொன்னதும் மனம் பதறும். ஆனால் சிவப்பெல்லாம் இரத்தமில்லை. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை ஆரஞ்சு நிறமாக்கும். இரத்தமா இல்லையா என்பது சாதாரண யூரின் டெஸ்டில் தெரிந்துவிடும். இரத்தமே என்றாலும், பெரும்பாலானோருக்குக் காரணம் கல்லாக இருக்கும், கிருமித்தொற்றாக இருக்கும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமாக இருக்கும். புற்றுநோய் ஒரு சிறு பங்கினருக்குத்தான். அந்தச் சிறு பங்கில் நாம் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை. இதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ எடுப்பவர்கள், அதனால்தான் வந்தது என்று விட்டுவிடுவதுண்டு. அவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை கசிவைக் கூட்டலாம், ஆனால் கசியும் இடம் ஒன்று இருந்தால்தானே கசியும்? மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். வேறு எதற்கோ எடுத்த யூரின் டெஸ்ட் ரிப்போர்ட்டில், சிவப்பணுக்கள் இருப்பதாக ஒரு வரி இருக்கும். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுவோம். அந்த வரியையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு வகை அறிகுறி, அடிக்கடி சிறுநீர் வருவது, வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருப்பது, போகும்போது எரிவது. இவை பெரும்பாலும் நீர்க்கடுப்பாகவே இருக்கும். ஆனால் படலத்தோடு படலமாகத் தட்டையாகப் பரவும் ஒரு வகைப் புற்றுநோயும் இதே தொந்தரவுகளைத் தரும்.

பெண்களுக்குத் தாமதம் நேர்வது இங்கேதான். ஆண்களுக்கு இந்த நோய் பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். அதனால் ஒரு பெண்மணி எரிச்சல், இரத்தம் என்று போனால், தொற்று என்று எழுதி மாத்திரை கொடுப்பது எளிதாகிவிடுகிறது. மாதவிடாய் நின்றவர்கள், இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியாமல் குழம்புவதும் உண்டு. ஒரு கேள்வி கேட்டால் போதும்: "கல்ச்சர் டெஸ்டில் கிருமி வளர்ந்ததா?" கல்ச்சர் என்பது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. கிருமி இல்லை என்றாலோ, மாத்திரை முடிந்த பிறகும் இரத்தம் இருந்தாலோ, தொற்று என்ற விளக்கம் நிற்காது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? முதலில் வருவது பீடி, சிகரெட். நுரையீரலுக்குப் போகும் புகை சிறுநீர்ப்பையை எப்படித் தொடும் என்று கேட்கத் தோன்றும். புகையிலுள்ள நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் தன் கடமைப்படி அவற்றை வடிகட்டி இறக்குகிறது. பிறகு அவை மணிக்கணக்கில் பையில் தேங்கி, அந்த மெல்லிய படலத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்குப் புகைதான் காரணம். சாயமும் இதே வழியில் வருகிறது. 1895இல் ஃபிராங்ஃபர்ட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்ற சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். அந்தச் சாயங்களிலும் புகையிலும் உள்ள ஒரே குடும்பத்து நச்சுக்கு அரோமாட்டிக் அமீன் என்று பெயர். சாயம், ரப்பர், தோல், பெயின்ட் தொழில்களில் பல வருடம் இருந்தவர்கள், அந்த வேலையை விட்டு இருபது வருடமானாலும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். நோய் அவ்வளவு காலம் கழித்தும் வரும்.

மருத்துவர் என்ன செய்வார்? யூரின் டெஸ்ட், பிறகு ஸ்கேன். தேவைப்பட்டால் யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீரக அறுவை நிபுணர் சிஸ்டாஸ்கோப்பி செய்வார். கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதை வழியே செலுத்திப் பையின் உட்சுவரை நேரில் பார்ப்பதுதான் அது. மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, சில நிமிடங்களில் முடித்துவிடலாம். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை" என்று சொல்லி இதைத் தவிர்க்க வேண்டாம். மிகச் சிறிய கட்டியும் தட்டையான கட்டியும் ஸ்கேனுக்குத் தப்பிவிடும்.

சீக்கிரம் வருவதன் பலன் பெரியது. கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்கு நோய் தசைக்குள் இறங்கியிருப்பதில்லை. அந்த நிலையில், வயிற்றைக் கிழிக்காமல், அதே பாதை வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்குப் பிசிஜியைப் பைக்குள் செலுத்துவார்கள். குழந்தை பிறந்ததும் காசநோய்க்காகப் போடுகிறோமே, அதே பிசிஜிதான். அது பையின் சுவரில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பி, மிச்சமுள்ள செல்களோடு போராட வைக்கிறது. கனடாவில் ஆல்வரோ மொராலிஸ் என்ற மருத்துவர் 1976இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் முக்கியமான சிகிச்சை. இந்த நோய் திரும்பத் தலைகாட்டும் குணமுள்ளது. அதனால் முதல் சில வருடங்கள் சொன்ன தேதியில் சிஸ்டாஸ்கோப்பிக்குப் போவதும் சிகிச்சையின் பகுதியே.

அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இதற்கென்று சோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை. இரத்தத்தைப் பார்த்தவர்கள் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன நிறம், கட்டி கட்டியாக வந்ததா, வலி இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், புகைப்பழக்கம் எத்தனை வருடம், என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் நாளில் சிறுநீர் தெளிவாகவே இருக்கலாம். இருந்தாலும் போங்கள். மருத்துவரிடம், "வலியில்லாமல் இரத்தம் போச்சு, அப்புறம் தானா நின்னுடுச்சு, காரணம் தெரியணும்" என்று அப்படியே சொல்லுங்கள். தன் உடம்பில் இரத்தம் பார்த்துவிட்டுக் கூச்சத்தால் வாய் திறக்காத பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லி, கூடவே போய் வாருங்கள்.