உங்கள் கோப்பு எங்கே போகிறது?

‘இணையத்தில் இலவசம்: வரமா, வம்பா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் பாட்டு, படம், விளையாட்டு என்று நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நாலைந்து பிடிஎஃப் கோப்புகளை ஒரே கோப்பாகச் சேர்க்க எந்த இலவசச் சேவையை நம்பலாம்?

சிரிக்காதீர்கள். போன வருடம் அம்மாவுக்காக ஒரு விண்ணப்பம் அனுப்பவேண்டியிருந்தது. அம்மாவின் அடையாள அட்டை, மசேநிதி அறிக்கை, மருத்துவர் கடிதம், என் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பாக வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரவு மணி பதினொன்று. மறுநாள் கடைசி நாள். தேடியதும் முதலில் வந்த இணையத்தளத்தைத் தட்டினேன். அது விளம்பரம் என்பதைக் கவனிக்கவில்லை. நான்கு கோப்புகளையும் ஏற்றினேன். பச்சை நிறத்தில் மூன்று ‘டவுன்லோட்’ பொத்தான்கள் தெரிந்தன. ஒன்றை அழுத்தினால் இறங்கியது பிடிஎஃப் இல்லை, ஏதோ ஒரு மென்பொருள். பெயரின் கடைசியில் ‘இஎக்ஸ்இ’ என்று இருந்ததைப் பார்த்து, திறக்காமல் அழித்துவிட்டேன். என் கணினி தப்பித்தது. ஆனால் ஏற்றிய நான்கு தாள்களையும் திரும்ப வாங்க முடியுமா?

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993ல் கொண்டுவந்தது. படிக்கும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்த அந்நிறுவனம், கோப்புகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் மென்பொருளைக் காசுக்கு விற்றது. 2008ல் பிடிஎஃப் அனைத்துலகத் தரநிலை ஆனது. எவரும் அதற்கு மென்பொருள் எழுதலாம் என்ற நிலையில் இலவச இணையத்தளங்கள் பெருகின. நம் ஊரில் தேவையும் கூடிவிட்டது. 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழே மின்னிலக்க வடிவில்தான் வருகிறது.

இந்தத் தளங்களில் பெரும்பாலானவை வேலை செய்யும் விதம் இதுதான். உங்கள் கோப்பு இணையம் வழியாக வேறெங்கோ இருக்கும் கணினிக்குப் போகிறது. சேர்க்கும் வேலை அங்கே நடக்கிறது. சேர்த்த கோப்பு உங்களிடம் திரும்பி வருகிறது. போன பிரதி என்ன ஆகிறது என்பது அந்தக் கணினிக்குச் சொந்தக்காரரின் நாணயத்தைப் பொறுத்தது. பெயர் பெற்ற நிறுவனங்கள் இதை வெளிப்படையாகச் சொல்கின்றன. பார்சலோனாவின் ஐலவ்பிடிஎஃப் இரண்டு மணி நேரத்திலும், சுவிட்சர்லாந்தின் ஸ்மால்பிடிஎஃப் ஒரு மணி நேரத்திலும் கோப்புகளை அழித்துவிடுவதாகக் கூறுகின்றன. ஒரு தளத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லை, நடத்துபவர் பெயரும் இல்லை என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே எச்சரித்தது. சில இலவசத் தளங்கள் சொன்ன வேலையைச் சரியாகவே செய்து கொடுக்கின்றன. ஆனால் திரும்பி வரும் கோப்போடு தீய மென்பொருளும் வரலாம். ஏற்றிய தாள்களிலிருந்து அடையாள எண், வங்கி விவரம், கடவுச்சொல் ஆகியவற்றைப் பொறுக்கியெடுக்கவும் முடியும். வேலை நன்றாக முடிந்துவிடுவதால் நமக்குச் சந்தேகமே வராது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம்! 2024 டிசம்பரில் அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் முழு எண்கள் தெரிந்தபோது கொதித்துப்போனோம். அந்த எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 ஜூனில் நிறுவனங்களுக்கு அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். அதே எண்ணை, சம்பளச் சீட்டும் மருத்துவர் கடிதமும் சேர்த்து, முகம் தெரியாத ஒருவருக்கு நாமே இரவு பதினொரு மணிக்கு அனுப்புகிறோம். மோசடிக்காரர் நாளை தொலைபேசியில் அழைத்து, “உங்கள் அம்மாவின் சிகிச்சை விஷயமாகப் பேசுகிறேன்” என்றால் நம்பாமல் இருப்போமா?

எனவே நான் சொல்லும் வரிசை இது. கோப்பு வெளியே போகாத வழியை முதலில் பாருங்கள். ஐபோனில் ‘ஃபைல்ஸ்’ செயலியில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் பிடிஎஃப்’ என்று கொடுத்தால் போதும். மேக் கணினியில் ‘பிரிவியூ’ இருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ‘பிடிஎஃப்சாம் பேசிக்’ என்னும் இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சேர்ப்பது உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும்.

“கோப்பு உங்கள் கணினியை விட்டுப் போகாது” என்று சொல்லும் இணையத்தளங்களும் உண்டு. உண்மையா என்று நீங்களே சோதிக்கலாம். பக்கம் திறந்ததும் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு கோப்புகளைச் சேர்த்துப் பாருங்கள். வேலை நடந்தால் சொன்னது சரி. மறுபடி இணையத்தை இணைப்பதற்குள் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், அவ்வளவுதான். கோவில் விழா அழைப்பிதழ், பிள்ளைகளின் பாடக் குறிப்பு போன்றவற்றுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். பெயர் பெற்ற எந்தத் தளமும் போதும்.

தேக்கா பக்கம் போட்டோகாப்பி எடுக்கும் கடைகளையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் வேலை அனுமதி அட்டை, கடப்பிதழ் படங்களைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிச் சேர்த்து வாங்குகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் அடுத்து உட்காருபவர் யார்? அச்சு எடுத்து முடிந்ததும், “அண்ணே, என் ஃபைலை அழிச்சிடுங்க, குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுத்திடுங்க” என்று கேட்டு, நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கதி. சிங்பாஸ் வழியாக மின்னிலக்கக் கையொப்பமிட்ட ஆவணத்தை வேறொன்றோடு சேர்த்தால் அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும். அதைத் தனியாகவே அனுப்புங்கள்.

அன்றிரவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தம்பிக்குப் போன் போட்டேன். “அக்கா, உன் ஐபோன்லயே இருக்கு” என்றான். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது, அம்மாவின் விண்ணப்பம் நள்ளிரவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.