இரண்டு மீட்டர் தூரத்தில் காதல்

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரமும் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கன் நகரமும் ஒரே ஏரிக்கரையில் ஒட்டிக் கிடப்பவை. நடந்தே நாடு மாறலாம். உலகப் போர்க் காலத்தில் இடையே போட்ட வேலியை 2006இல் எடுத்துவிட்டு, அந்த எல்லைக் கோட்டில் 22 உலோகச் சிற்பங்களை நிறுத்தினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா எல்லையை மூடியது. சிற்பங்கள் நிற்கும் இடத்தில் மறுபடி வேலி முளைத்தது.

ஆளுக்கொரு நாட்டில் மாட்டிக்கொண்ட காதலர்கள் வேலியருகே வந்து நின்றார்கள். கம்பி இடுக்கில் விரல் கோத்தார்கள், முத்தமிட்டார்கள். ஏப்ரலில் அதிகாரிகள் இன்னொரு வேலியும் போட்டார்கள், நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு. அப்போதும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. மே மாத நடுவில்தான் வேலிகள் அகன்றன.

முகம் பார்க்கவும் பேசவும் செல்பேசி போதுமே, விரல் எதற்கு? விடையின் ஒரு பகுதி தோலுக்குள் இருக்கிறது.

மேசையில் கை பட்டால் செய்தி கொண்டுபோகும் தொடு நரம்பிழைகள் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடுபவை என்றுதான் நெடுங்காலம் படித்துவந்தோம். ஆனால் முன்கை, முதுகு போன்ற ரோமமுள்ள தோலில் வேறொரு வகை இழையும் உண்டு. அது நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும். எது தொட்டது, எங்கே தொட்டது என்று சொல்ல அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் மனிதக் கையின் நரம்பில் நுண்ணிய ஊசி செருகி அதன் துடிப்பைக் கேட்டபோது வியப்பான ஒன்று தெரிந்தது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடும்போதுதான் அது மிக அதிகமாகத் துடிக்கிறது. வருடும் பொருள் சுமார் 32 டிகிரி வெப்பத்தில், அதாவது மனிதத் தோலின் இதத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சுட்டாலும் துடிப்பு குறைகிறது. இன்னொருவரின் கைக்கென்றே நம் உடலில் ஒரு நரம்பு காத்திருக்கிறது! அதன் செய்தி போய்ச் சேருவதும் உணர்ச்சியோடு தொடர்புள்ள இன்சுலா என்ற மூளைப் பகுதிக்கு.

தொடுதல் ஒருபுறம் இருக்க, மனிதத் துணையே இல்லாமல் போனால் என்ன ஆகும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிவியா டோமோவா, ரெபெக்கா சாக்ஸ் குழுவினர் கொரோனாவுக்கு முன்பே ஒரு சோதனை செய்திருந்தார்கள். 40 பேரை ஒருநாள் 10 மணி நேரம் யாரோடும் பேசாமல் தனியே இருக்க வைத்தார்கள். இன்னொரு நாள் அதே அளவு நேரம் பட்டினி போட்டார்கள். பட்டினிக்குப் பின் உணவுப் படத்தைப் பார்த்தபோது நடுமூளையின் ஒரு பகுதி விழித்தெழுந்தது. தனிமைக்குப் பின் மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைப் பார்த்தபோது விழித்தெழுந்ததும் அதே பகுதிதான். முடிவு வெளியான 2020 நவம்பரில் உலகமே அந்தச் சோதனைக்குள் இருந்தது. பத்து மணி நேரத்தை வைத்துப் பல மாதங்களை அளந்துவிட முடியாது. ஆனாலும் துணைக்கான ஏக்கத்தைப் பசி என்று சொல்வது வெறும் உவமை இல்லை என்பது புரிகிறது.

பசி பொது; பட்டினி எல்லோருக்கும் ஒன்றாக வரவில்லை. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் ஊரடங்கு விதிகள் வீட்டை ஓர் அலகாக வைத்து எழுதப்பட்டன. மணமாகி ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. தனித்தனி வீட்டில் இருக்கும் காதலர்கள் சேர்ந்து குடியேறுங்கள், இல்லையேல் விலகியிருங்கள் என்றார் துணைத் தலைமை மருத்துவ அதிகாரி ஜென்னி ஹாரிஸ். ஜூன் மாதத் தளர்வில், தனியாக வாழ்பவர் இன்னொரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். இருவருமே பெற்றோருடனோ அறைத் தோழர்களுடனோ இருந்தால் அதுவும் இல்லை. இருபது வயதில் பெரும்பாலோர் அப்படித்தானே இருப்பார்கள்!

நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே வேறு வழி சொன்னது: துணையில்லாதவர்கள் உடல் நெருக்கத்துக்கு ஒரே ஒருவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், சந்திக்கும் ஆட்களைக் குறையுங்கள், உடம்பு சரியில்லை என்றால் சந்திக்காதீர்கள். பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது அறிவியலோடு ஒத்துப்போன அறிவுரையாகவே படுகிறது. கிருமிக்குத் தாலி தெரியாது. அதற்குத் தெரிந்தது எத்தனை பேர் எத்தனை பேரைச் சந்திக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும். ஒருவர் ஒருவரோடு நின்றால் தொற்றுச் சங்கிலியில் ஒரு கண்ணிதான் கூடும். அவரவர் வீட்டில் முதியவர்கள் இருந்தால் அபாயம் கூடும் என்பதும் உண்மை. அதைச் சொல்லிக்கொடுத்தால் இளைஞர்களுக்குப் புரியாமல் போகாது.

அடுத்த கொள்ளைநோய்க்கு விதி எழுத உட்காருபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த மேசையில் இருபது வயதுக்காரர்கள் சிலருக்கும் நாற்காலி போடுங்கள்.