பொறி எப்போது விழ வேண்டும்?

பழைய அம்பாசிடர் காரை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்து, போல்ட்டையெல்லாம் முடுக்கிச் சாவியைத் திருப்பினால், சில சமயம் வண்டி கிளம்பாது. கார்புரேட்டர் வழியே ‘பட்’டென்று தீ துப்பும். பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. அப்புறம் என்ன குறை? பொறி விழுகிற நேரம் தப்பு. மெக்கானிக்குகள் ‘டைமிங் அவுட்’ என்பார்கள்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வரும். பிஸ்டன் ஏறி அதை அழுத்தும். பொறி பட்டுக் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது புகை வெளியேறும். இதற்குள், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு 2 சுற்று சுற்றிவிடும்.

பிஸ்டன் உச்சியைத் தொட்டதும் பொறி விழ வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, கொஞ்சம் முன்பே விழ வேண்டும். தீ பரவவும் நேரம் வேண்டுமே! அதற்கு 2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, அந்த இடைவெளியில் தண்டு 36 டிகிரி திரும்பிவிடும். 900 சுற்றில் 11 டிகிரிகூடத் திரும்பாது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முந்த வேண்டும். பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 2 சிறு எடைகள் சுழற்சி வேகத்தில் வெளிப்பக்கம் விலகி, பொறியைத் தாமாகவே முந்த வைக்கின்றன. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் இப்படி ஓர் ஏற்பாடு! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம்மை நோக்கி வரும் ஊஞ்சலை எதிர்த்துத் தள்ளினால் கை வலிக்கும். பொறி மிக முந்தினாலும் அப்படித்தான். ஏறுகிற பிஸ்டனைத் தீ எதிர்த்து அழுத்தும். மேடு ஏறும்போது எஞ்சினில் ‘டக்டக்’ என்று நாக்கிங் கேட்கும். பிந்தினால் இழுவை இருக்காது, எஞ்சின் சூடேறும்.

சரி, நம் வண்டி ஏன் கிளம்பவே இல்லை? பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது: கலவையை அழுத்தி முடிக்கும்போது ஒருமுறை, புகையைத் தள்ளி முடிக்கும்போது ஒருமுறை. கிராங்க் தண்டின் முனைக் கப்பியில் உச்சியைக் காட்டும் குறியோ இரண்டுக்கும் ஒன்றேதான்! தவறான உச்சியை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டினால், பொறி முழுசாக ஒரு சுற்றுத் தள்ளி விழும். அந்த நேரத்தில் கலவை நுழையும் வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். தீ கார்புரேட்டர் பக்கம் பாய்ந்தது அதனால்தான்.

சரியான உச்சியை விரலே சொல்லிவிடும். சாவியை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைப் பெரியவர் ஒருவர் கட்டைவிரலால் மூடிக்கொள்வார். இன்னொருவர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றுவார். காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் கலவையை அழுத்த ஏறுகிறது என்று அர்த்தம். அப்படியே குறி நேராகும்வரை சுழற்றி நிறுத்தினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் முதல் பிளக்கின் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். வயர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வரும்.

வண்டி கிளம்பியதும் டைமிங் லைட்டைப் பிடித்து நுணுக்கமாகச் சரிபார்ப்பார்கள். முதல் பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் அந்த விளக்கு மின்னும். ஒவ்வொரு மின்னலிலும் குறி ஒரே இடத்தில் இருப்பதால், சுழலும் கப்பி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அதைத் தள்ளி நின்று பாருங்கள். கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள். கண்ணுக்கு நிற்பதுபோல் தெரிந்தாலும், கப்பியும் விசிறியும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன.