மழைக்கு முன்னே குடும்பத்தைத் தயார் செய்வோம்



நான் பிறந்தது மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவிலே ஊர். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியைப் பற்றி எங்கள் அம்மா பேசாத மாரிகாலம் கிடையாது. "காத்து கொஞ்சம் நிண்டிச்சு. முடிஞ்சிது எண்டு வெளிய வந்த ஆக்களுக்கு மற்றப் பக்கத்தால திரும்பி அடிச்சிது" என்பார். சூறாவளியின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஒரு பொய் அமைதி வரும். பிறகு 2004 டிசம்பர் 26இல் கடலே கரையோர ஊர்களுக்குள் ஏறி வந்தது.

மலைநாட்டுக்கு வேலைக்கு வந்தபோது இங்கே கடலும் இல்லை, வாவியும் இல்லை, பயமில்லை என்று நினைத்தேன். அது பிழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கிழக்குக் கரையால் நுழைந்தது. ஆனால் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளில்தான் மண் சரிந்து பெருந்தொகையான உயிர்கள் போயின. நாடு முழுவதும் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். கடலில் பிறக்கிற புயல் மலையில் மழையாகக் கொட்டுகிறது. இதை நாம் மறக்கக் கூடாது.

மண் ஏன் சரிகிறது?

மழைநீர் உள்ளே இறங்க இறங்க மண் பாரமாகிறது. பாறைக்கும் மண்ணுக்கும் உள்ள பிடி தளர்கிறது. கான் அடைபட்டால் ஓட வேண்டிய தண்ணீரும் மண்ணுக்குள்ளேயே போகும். லயத்துக்குப் பின்னால் குசினி கட்ட மண்திட்டை வெட்டினால், மலையின் காலையே வெட்டியது போலத்தான். இடம் போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வெட்டாதீர்கள். மழைக்கு முன்பே எல்லாருமாகச் சேர்ந்து கானைத் துப்புரவாக்குங்கள்.

மழையை நீங்களே அளக்கலாம்

அடியும் வாயும் ஒரே அகலமான உயரமான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளவுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணித்தியாலத்தில்:

75 மில்லிமீற்றர் (ஏழரைச் சென்ரிமீற்றர்) என்றால் மஞ்சள். கவனமாக இருங்கள்.
100 மில்லிமீற்றர் என்றால் செம்மஞ்சள். பையைக் கையில் எடுத்துத் தயாராகுங்கள்.
150 மில்லிமீற்றர், அதாவது சின்ன அடிமட்டம் முழுக்க நனைந்தால், சிவப்பு. வெளியேறுங்கள். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் சிவப்புத்தான்.

டின் நிறையவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, கதவு இறுகுதல், மரமோ லைட் போஸ்ட்டோ சாய்தல், பீலித் தண்ணீர் கலங்குதல் அல்லது திடீரென்று நிற்றல், புது ஊற்று, மலைக்குள்ளே உறுமல் சத்தம். இதில் ஒன்றைக் கண்டாலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் போய்விடுங்கள். போனில் செய்தி சிங்களத்திலோ இங்கிலீஷிலோ வந்தால், வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு உடனே கேளுங்கள்.

ஒரே ஒரு பை

நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் இரவோடு இரவாக எல்லாரையும் பாடசாலைக்கு அனுப்பினோம். ஓர் அக்கா பாதிவழியில் திரும்பி ஓடினார். மகளின் பரீட்சைச் சான்றிதழ் பெட்டிக்குள்ளே இருந்துவிட்டதாம். அன்று மண் வரவில்லை, அதனால் அவர் இன்றைக்கும் இருக்கிறார். எல்லா நாளும் அப்படி இருக்காது.

ஆகவே இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் பையில் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, கிளினிக் கொப்பி ஆகியவற்றை வையுங்கள். மூன்று நாள் மருந்து, டோர்ச், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், கைக்குழந்தைக்குத் துணி, பெண்களுக்கு வேண்டியது எல்லாம் சேருங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள்.

யார் யாரைக் கூட்டிப் போவது?

இரவில் யோசிக்க நேரமிராது. பாட்டியை யார் பிடிப்பது, கர்ப்பிணியோடு யார் போவது என்று இப்போதே பேசி வையுங்கள். நீங்கள் மலையில் கொழுந்து எடுக்கும்போது மழை வலுத்தால் பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையை யார் எடுப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். ஆம்பிளைகளிடம் ஒரு வேண்டுகோள்: எச்சரிக்கை உள்ள இரவில் குடிக்காதீர்கள். உங்களை எழுப்புவதிலேயே மற்றவர்களின் நேரம் போய்விடும்.

போகும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள், ஆடு மாட்டை அவிழ்த்து விடுங்கள். ஆற்றோரமும் பள்ளமும் வேண்டாம். மழை விட்டதும் ஓடி வராதீர்கள். மழை விட்ட பிறகும் மண் சரியும். அதுவும் எங்கள் அம்மா சொன்ன அந்தப் பொய் அமைதி போலத்தான். அதிகாரிகள் பார்த்து "போகலாம்" என்று சொன்ன பிறகே திரும்புங்கள்.

லயத்தின் இடத்தை நாம் தெரிவு செய்யவில்லை. ஆனால் "எங்கள் மலை பரிசோதிக்கப்பட்டதா? மழையில் எங்கே போய்த் தங்குவது?" என்று தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

சுவரில் எழுதி வைக்க: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.